ஃப்ரீமாண்ட் நகரத்தை யார் நடத்துகிறார்கள்?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் சொந்த வீடு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் அலமீடா கவுண்டியிலிருந்து சொத்துவரி பில் வரும். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. பெரும்பாலோர் மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, டிசம்பர் 10க்குள் முதல் தவணையைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பில்லில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற பள்ளி நிர்வாக அமைப்பின் கடன் பத்திரத்துக்கு ஒரு தொகை, ஓலோனி கல்லூரிக்கு ஒன்று, வாஷிங்டன் மருத்துவமனைக்கு ஒன்று, பார்ட் ரயிலுக்கு ஒன்று, வட்டாரப் பூங்காக்களுக்கு ஒன்று. அப்புறம் கொசு ஒழிப்பு, ஆம்புலன்ஸ் சேவை, கழிவுநீர்க் கட்டணம், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் சதுப்பு நிலங்களை மீட்க 12 டாலர். இவற்றில் எதையும் ஃப்ரீமாண்ட் நகராட்சி வசூலிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தனி அமைப்புக்குப் போகிறது. அவற்றில் பலவற்றுக்கு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தனி வாரியம் உண்டு.

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் குடியேறும் நம்மவர்களுக்கு இதுதான் முதலில் பிடிபடாத விஷயம். குடிநீர், சாக்கடை, சாலை, நூலகம், ஆரம்பப் பள்ளி எல்லாம் மாநகராட்சி என்ற ஒரே கூரையின் கீழ் இருந்து பழகியவர்கள் நாம். இங்கேயும் சிட்டி ஹால்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று நினைத்துவிடுகிறோம். இந்த ஊரில் நகராட்சியின் கையில் இருப்பது போலீஸ், தீயணைப்பு, உள்ளூர்ச் சாலைகள், ஊர்ப் பூங்காக்கள், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற திட்ட அனுமதி. பெரிய அதிகாரங்கள்தான். ஆனால் அன்றாட வாழ்க்கையில் பாதி, வேறு ஆட்களின் மேசையில் முடிவாகிறது. நூலகம்கூட கவுண்டியுடையது. மிஷன் பொலிவார்டின் சில பகுதிகள் மாநில நெடுஞ்சாலை என்பதால், அங்கே விழுந்த பள்ளத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையிடம்தான் போக வேண்டும்.

ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்றால், நகரத்தைவிட அந்த வாரியங்களுக்கு வயது அதிகம்.

ஃப்ரீமாண்ட் என்ற ஊரே 1956 ஜனவரிக்கு முன் கிடையாது. இருந்தவை ஐந்து சிற்றூர்கள்: சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ். சுற்றிலும் பழத்தோட்டங்களும் காய்கறி வயல்களும். இந்த வட்டாரம் முழுவதற்கும் வாஷிங்டன் டவுன்ஷிப் என்று பெயர். ஓலோனி பழங்குடியினரின் நிலம் இது. 1797இல் ஸ்பானியப் பாதிரிகள் இங்கே மிஷன் அமைத்தார்கள். 1868இல் ஹேவர்ட் பிளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அதன் தேவாலயம் இடிந்தது. இப்போது நாம் பார்க்கும் தேவாலயம் 1985இல் பழைய வடிவில் மீண்டும் கட்டியது. நைல்ஸில் 1912 முதல் 1916 வரை எஸனே சினிமா கம்பெனியின் ஸ்டூடியோ இருந்தது. சாப்ளின் 1915இல் அங்கே வந்து நடித்திருக்கிறார்.

விவசாயிகளின் அன்றைய பெரிய கவலை தண்ணீர். ஸ்பிரிங் வேலி என்ற தனியார் கம்பெனி, அலமீடா ஓடையின் தண்ணீரைச் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, விரிகுடாவின் உப்புநீர் கிணறுகளுக்குள் புகும் அபாயம் வந்தது. அதைத் தடுக்க மக்களே ஓட்டுப் போட்டார்கள், 1914இல் அலமீடா கவுண்டி வாட்டர் டிஸ்ட்ரிக்ட் உருவானது. கழிவுநீருக்கான யூனியன் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் 1918இல் வந்தது. பக்கத்தில் மருத்துவமனை இல்லையே என்று 1948இல் வாஷிங்டன் டவுன்ஷிப் பெயரிலேயே ஒரு மருத்துவமனை டிஸ்ட்ரிக்ட்டை ஏற்படுத்தினார்கள். மருத்துவமனை 1958இல் திறந்தது. ஆக, நகராட்சி பிறக்கும்போது தண்ணீருக்கும் சாக்கடைக்கும் மருத்துவத்துக்கும் ஏற்கெனவே தனித்தனி வீடுகள் இருந்தன. புதிய நகராட்சி அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அவற்றின் எல்லை ஃப்ரீமாண்டோடு நிற்பதில்லை. பக்கத்து நியூவார்க்கும் யூனியன் சிட்டியும் அவற்றில் அடக்கம். இன்றும் இந்த மூன்று ஊர்க்காரர்களும் ஒரே குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

நகராட்சி பிறந்த காரணம் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரிகுடாப் பகுதி முழுவதும் வீடுகள் பெருகின. வடக்கே ஹேவர்ட் நகரம் பக்கத்து நிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே வந்தது. நாமே ஒரு நகரமாக ஆகாவிட்டால் நம் வரிப்பணமும் நில அனுமதியும் வேறொரு ஊரின் கைக்குப் போய்விடும் என்ற பயம் வந்தது. ஐந்து ஊர்கள் சேர்ந்தன. சேர மறுத்த நியூவார்க் 1955இலேயே தனி நகராட்சி ஆகிவிட்டது. வரைபடத்தில் ஃப்ரீமாண்டின் வயிற்றுக்குள் ஒரு தனி ஊர் இருப்பது இதனால்தான். அல்வராடோவும் டெகோட்டோவும் 1959இல் சேர்ந்து யூனியன் சிட்டி ஆயின.

பயத்தில் சேர்ந்த ஊர்கள் என்பதால் ஐந்துக்கும் பொதுவான நடுமையம் ஒன்று இல்லை. இது இன்றுவரை தெரிகிறது. நைல்ஸுக்குப் பழம்பொருள் கடைகளோடு ஒரு கடைத்தெரு உண்டு, சென்டர்விலுக்கு ரயில் நிலையம் உண்டு, இர்விங்டனுக்கு ஐந்து முனைச் சந்திப்பு உண்டு. ஃப்ரீமாண்டுக்கு என்று டவுன்டவுன் இல்லை. ஐந்து ஊர்களுக்கும் நடுவே பொது மையமாகத் திட்டமிட்ட இடத்தில், பெரிய வாகன நிறுத்தங்களோடு ஷாப்பிங் சென்டர்கள்தான் எழுந்தன. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக கேப்பிட்டல் அவென்யூவை ஒட்டி ஒரு டவுன்டவுனை உருவாக்க நகராட்சி முயல்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவரை மாலை நேரம் நடக்க அழைத்துப்போக வேண்டுமானால், நான் இன்னும் நைல்ஸுக்குத்தான் போகச் சொல்வேன்.

மக்கள்தொகை வளர்ந்த வேகம் பிரமிக்க வைக்கும். 1960இல் 43,790 பேர். 1970இல் 1,00,869. 2020 கணக்கெடுப்பில் 2,30,504. சான் ஹோசே, சான்ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட் ஆகியவற்றுக்கு அடுத்து விரிகுடாப் பகுதியின் நான்காவது பெரிய நகரம் இது. முதல் அலை 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய கார் தொழிற்சாலையோடு வந்தது. அந்த ஆலை 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு சேர்ந்து நம்மி என்ற பெயரில் திரும்ப ஓடியது. 2010 ஏப்ரல் 1இல் மறுபடி மூடியபோது ஏறக்குறைய 4,700 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு டெஸ்லா அந்த ஆலையை 4.2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012இல் முதல் மாடல் எஸ் கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. ஒரே கட்டடம் ஊரை மூன்று முறை மாற்றியிருக்கிறது.

இன்னொரு அலை, சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்துக்கொண்டு அங்கே வீடு வாங்க முடியாமல் கிழக்கே வந்தவர்கள். 1979இல் சோவியத் படை ஆஃப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு வந்த ஆஃப்கானியர்கள் சென்டர்வில் பக்கம் குடியேறினார்கள். அந்தப் பகுதியை லிட்டில் காபூல் என்பார்கள். பஞ்சாபிகளின் பெரிய குருத்வாரா இருக்கும் சாலைக்குப் பெயரே குருத்வாரா ரோடு. சீனர்களும் தைவானியர்களும் தெலுங்கரும் தமிழரும் 1990களிலிருந்து பெருகினார்கள். 2020இல் ஊரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். அவர்களில் பெரிய கூட்டம் இந்தியர்கள்.

ஃப்ரீமாண்டில் எனக்குப் பிடித்த தெரு பீஸ் டெரஸ். 1990களில் ஒரு மெதடிஸ்ட் சபையும் ஒரு முஸ்லிம் சங்கமும் பக்கத்துப் பக்கத்து மனைகளில் தேவாலயமும் மசூதியும் கட்டிக்கொண்டன. இடையில் போன தெருவுக்கு அமைதி என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேறு வேறு நாள் என்பதால் வண்டி நிறுத்தும் இடத்தைப் பகிர்ந்துகொள்வதும் எளிது. நகரத்தின் பன்மைத்தன்மை பற்றி எத்தனையோ தீர்மானங்கள் போட்டிருக்கலாம். அவற்றைவிட, இரண்டு கட்டடக் கமிட்டிகள் உட்கார்ந்து பேசி எடுத்த இந்த முடிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, நகராட்சிக்கு வருவோம். ஒரு மேயர், ஆறு கவுன்சில் உறுப்பினர்கள். மேயருக்கும் ஒரே ஓட்டுதான், மற்றவர்கள் முடிவை ரத்து செய்யும் அதிகாரம் கிடையாது. அன்றாட நிர்வாகத்தை நடத்துபவர் சிட்டி மேனேஜர். நம் ஊர் மாநகராட்சி ஆணையரை மாநில அரசு அனுப்பும். இங்கே சிட்டி மேனேஜரைக் கவுன்சிலே வேலைக்கு எடுக்கிறது, பிடிக்காவிட்டால் கவுன்சிலே அனுப்பிவிடுகிறது.

2017 வரை கவுன்சிலுக்கு நான்கே உறுப்பினர்கள். ஊர் முழுவதும் சேர்ந்துதான் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. அந்த முறையில் சிறுபான்மைச் சமூகங்களின் ஓட்டுக்கு வலு குறைகிறது என்று மாநில வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி ஒரு வழக்கறிஞரின் நோட்டீஸ் வந்தது. கலிஃபோர்னியாவில் பல நகரங்களுக்கு இப்படி வந்தது. வழக்காடினால் செலவு கோடிகளில் போகும். ஆகவே ஊரை ஆறு வட்டங்களாகப் பிரித்தார்கள், 2018இல் புதிய முறையில் முதல் தேர்தல் நடந்தது. இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. இப்போது பெரிய பணம் இல்லாதவரும் வீடு வீடாக நடந்து ஜெயிக்கலாம். ஆனால் வார்ம் ஸ்பிரிங்ஸில் வரும் அடுக்குமாடியைப் பற்றி நைல்ஸ் உறுப்பினருக்குக் கவலை குறைந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற புரபசிஷன் 13ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டின் அடிப்படைச் சொத்துவரி, வாங்கிய விலையில் 1 சதவீதம். அதன்பின் வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஆண்டுகளுக்கு முன் 1.5 லட்சம் டாலருக்கு வாங்கியவரின் வரி மதிப்பு இன்று ஏறக்குறைய 3.3 லட்சம், அடிப்படை வரி 3,300 டாலர். சென்ற ஆண்டு 15 லட்சத்துக்கு வாங்கியவருக்கு 15,000 டாலர். இருவர் வீட்டுக் குப்பையும் ஒரே லாரியில்தான் போகிறது. முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே இருக்கவிடும் சட்டம் இது என்பதை மறுக்க முடியாது. புதிதாக வரும் இளம் குடும்பங்களின் தலையில் சுமையை ஏற்றும் சட்டமும் இதுதான். ஃப்ரீமாண்டில் அப்படி வருபவர்களில் பெரும்பகுதி குடியேறிகள் என்பதால், இதை வெறும் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த 1 சதவீதத்திலும் நகராட்சிக்கு வருவது கால் பங்குகூட இல்லை. பள்ளி, கவுண்டி, மற்ற வாரியங்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் நகரங்கள் விற்பனை வரிக்கு அலைகின்றன. ஃப்ரீமாண்டில் ஒரு பெரிய சாலைக்கே ஆட்டோ மால் பார்க்வே என்று பெயர். கார் ஷோரூம்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. புதிய வீடுகள் வந்தால் நகராட்சிக்குப் போலீஸும் தீயணைப்பும் கூடுதல் செலவு, கார் கடை வந்தால் வருமானம்.

எல்லாவற்றையும்விட மக்கள் கொதிக்கும் விஷயம் பள்ளி. ஃப்ரீமாண்ட் யூனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நகராட்சியின் கீழ் வராது. அதற்குத் தனி வாரியம், தனி பட்ஜெட், தனித் தேர்தல். ஊரில் அமெரிக்கன், இர்விங்டன், கென்னடி, மிஷன் சான் ஹோசே, வாஷிங்டன் என்று ஐந்து உயர்நிலைப் பள்ளிகள். எந்தத் தெருவில் வீடு என்பதை வைத்து எந்தப் பள்ளி என்பது முடிவாகிறது. மிஷன் சான் ஹோசே எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கும் விலையில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். 2000ஆம் ஆண்டில் வைபல் தொடக்கப் பள்ளிப் பகுதியை மிஷனிலிருந்து இர்விங்டன் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்ற வாரியம் முடிவெடுத்தபோது, பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்டாகப் பிரிந்துபோக மனுவும் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியக் குடும்பங்கள். பிரிவினை நடக்கவில்லை. இர்விங்டனும் நல்ல பள்ளிதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட பள்ளிக்காகவே வாழ்நாள் கடனை வாங்கிய குடும்பத்திடம் அதைச் சொன்னால் காதில் ஏறாது.

இங்கேதான் தனித்தனி வாரியங்கள் என்ற ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்படுகிறது. வீடு கட்ட அனுமதி கொடுப்பது நகராட்சி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க வேண்டியது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். பள்ளியில் இடமில்லை என்று சொல்லி நகராட்சி ஒரு குடியிருப்பைத் தடுக்க முடியுமா? முடியாது. 1998இல் வந்த மாநிலச் சட்டப்படி, சட்டம் நிர்ணயித்த பள்ளிக் கட்டணத்தைக் கட்டுபவர் செலுத்திவிட்டால் பள்ளி விஷயம் தீர்ந்ததாகக் கணக்கு. அந்தக் கட்டணம் ஒரு புதுப் பள்ளி கட்டப் போதவே போதாது. மீதியை மக்கள் கடன் பத்திரமாக ஏற்க வேண்டும். 2014இல் ஃப்ரீமாண்ட் வாக்காளர்கள் 65 கோடி டாலருக்கான மெஷர் ஈ என்ற வாக்கெடுப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது இப்படித்தான். புதிய பார்ட் நிலையம் 2017இல் திறந்த வார்ம் ஸ்பிரிங்ஸைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தபோது, கவுன்சில் கூட்டத்துக்கு வந்த பெற்றோர்களிடம் கவுன்சில் சொல்லக்கூடிய பதில் ‘பள்ளி எங்கள் கையில் இல்லை’ என்பது. பள்ளி வாரியம் சொல்லக்கூடிய பதில் ‘வீடு எங்கள் கையில் இல்லை’ என்பது. இரண்டுமே உண்மை. நடுவில் நிற்பது, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்காத ஆறு வயதுக் குழந்தை.

வீட்டு அனுமதியும் முழுக்க நகராட்சியின் கையில் இல்லை. 2023 முதல் 2031க்குள் 12,897 வீடுகளுக்கு இடம் ஒதுக்கித் திட்டம் காட்ட வேண்டும் என்று ஃப்ரீமாண்டுக்கு மாநிலத்தின் இலக்கு இருக்கிறது. காட்டாவிட்டால் கட்டுபவர்கள் நகராட்சி விதிகளைத் தாண்டி அனுமதி பெற வழி திறந்துவிடும். அதேசமயம் கிழக்கே மலைச்சரிவில் கட்ட 1981லும் 2002லும் ஊர் மக்களே வாக்கெடுப்பு மூலம் கடும் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். மிஷன் பீக் மலை பச்சையாக நிற்பதில் அதற்கும் பங்குண்டு. மலையில் கட்ட முடியாது, மேற்கே உப்பளமும் சதுப்பும். மீதி இடம் நடுவில்தான்.

இந்த ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களில் பலர் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். இன்னொரு பெரிய கூட்டம், முக்கியமாக இந்தியர்கள், எச்-1பி விசாவில் கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நிற்கிறார்கள். வீடு வாங்கியிருக்கிறார்கள், முழு வரி கட்டுகிறார்கள், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஓட்டு இல்லை. அந்தப் புதிய வீட்டின் 15,000 டாலர் வரியைக் கட்டுபவரே பெரும்பாலும் இவர்தான் என்பதை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

ஆனாலும் ஓட்டில்லாதவர்களுக்கு இங்கே கதவு முழுசாக மூடவில்லை. 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, நகராட்சியும் எல்லா வாரியங்களும் திறந்த கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், குடியுரிமையைக் கேட்கக் கூடாது, பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. ஃப்ரீமாண்ட் கவுன்சில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடும். பேச விரும்புபவர்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

அந்தச் சில நிமிடங்களுக்கு வலு உண்டு. 2025 பிப்ரவரியில் பொது இடங்களில் கூடாரம் போட்டுத் தங்குவதைத் தடை செய்யும் சட்டத்தைக் கவுன்சில் 6-1 என்று நிறைவேற்றியது. அதில், அப்படித் தங்குபவர்களுக்கு உதவுவதும் குற்றமாகலாம் என்று படிக்கும்படி ஒரு வாசகம் இருந்தது. வீடற்றவர்களுக்குச் சாப்பாடும் போர்வையும் கொடுப்பவர்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். மார்ச் மாதம் கவுன்சில் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. தடை அப்படியே இருக்கிறது. கூடாரத்தில் இருப்பவர்கள் அடுத்து எங்கே போவது என்பதற்கு இன்னும் போதுமான பதில் இல்லை. ஆனாலும் கேட்டவர்களால் ஒரு சட்டத்தின் வாசகம் மாறியது.

2019இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று, நகராட்சியும் கவுண்டியும் நியமிக்கும் ஆலோசனைக் குழுக்களில் உட்காரக் குடியுரிமை தேவையில்லை என்று சொல்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பள்ளி அறைகளை வாடகைக்குக் கேட்கும்போது, பொது மக்களுக்குப் பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிடச் சொல்லும் சட்டத்தைத்தான் நாம் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். குழுக்களுக்கு விண்ணப்பிப்பது அதைவிடக் கடினமான வேலை ஒன்றுமில்லை.

குடியுரிமை பெற்றவர்களிடம் எனக்கு வேறொரு ஆதங்கம். அதிபர் தேர்தல் ஆண்டில் ஃப்ரீமாண்டில் வரும் வாக்குச்சீட்டு பக்கம் பக்கமாக நீளும். அதிபருக்கும் மேயருக்கும் குறி போட்டுவிட்டு, வாட்டர் டிஸ்ட்ரிக்ட், மருத்துவமனை வாரியம், பார்ட் இயக்குநர், கல்லூரி வாரியம் என்று வரும் இடத்தில் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரின் கட்டணத்தையும், வறட்சியில் தோட்டத்துக்கு எத்தனை நாள் நீர் விடலாம் என்பதையும், அவசரச் சிகிச்சைப் பிரிவின் விரிவாக்கத்தையும் முடிவு செய்பவர்கள் அந்த வெறுமையான கட்டங்களில் இருப்பவர்கள்தான்.

சில சமயம் அந்தக் கட்டமே சீட்டில் இருக்காது. இதுபோன்ற வாரியத்தில் ஒரு இடத்துக்கு ஒருவர் மட்டும் மனு கொடுத்திருந்தால், தேர்தல் நடத்தாமலே அவரை நியமித்துவிடலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. பழைய உறுப்பினரே ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பில்லாமல் தொடர்வது இப்படித்தான் நடக்கிறது. நவம்பர் தேர்தலுக்கு மனு கொடுக்கும் காலம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டின் தொடக்கத்தில், தேர்தலுக்கு 88 நாட்களுக்கு முன், முடிந்துவிடும். அந்தந்தப் பகுதியில் வசிக்கும், பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் படிவம் வாங்கலாம்.